மலைவீட்டுப் பரணில் கிடைத்த ஸ்பெக்ட்ரம் கணினியை இப்போதே ஓட்டிப் பார்க்கலாமா?

கோத்தகிரியில் தாத்தா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது, உங்கள் மாமா பள்ளி நாட்களில் வைத்திருந்த ஸ்பெக்ட்ரம் பிளஸ் என்ற கணினியும் (டிவியில் மாட்டி ஓட்டுவது, புரோகிராம்களைச் சாதாரண ஆடியோ கேசட்டில் சேமிப்பது), அதன் அடாப்டரும், ஒரு டேப் ரெக்கார்டரும், சின்னக் கறுப்பு வெள்ளை டிவியும், ஒரு பிஸ்கட் டப்பா நிறையக் கேசட்டுகளும் கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். சில கேசட்டுகளின் மேல் அவரே எழுதிய புரோகிராம்களின் பெயர்கள் அவர் கையெழுத்தில் இருக்கின்றன, மாமா இப்போது இல்லை என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அடாப்டரைச் சொருகிப் பார்க்கலாமா, ஓடாவிட்டால் யாரிடம் கொடுப்பது, எவ்வளவு செலவாகும் என்பவை உங்கள் கேள்விகள்.

சொருக வேண்டாம். இன்னும் இரண்டு வாரத்துக்குச் சொருக வேண்டாம். டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டும் பார்க்க வேண்டாம். கணினி கெட்டால் சரிசெய்ய வழி உண்டு. அதே மாடலில் வேறொன்றைத் தேடி வாங்கவும் முடியும். உங்கள் மாமா எழுதிய புரோகிராம் அந்த ஒரு நாடாவில்தான் இருக்கிறது. அதனால் வேலையைக் கேசட்டில் தொடங்கிக் கணினியில் முடிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஏன் இவ்வளவு பயப்படுத்துகிறேன் என்றால், நம் ஊர்க் காற்று அப்படி. வர்க்கியை டப்பாவில் மூடாமல் ஒரு மணி நேரம் வைத்தால் நமத்துப் போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் துவைத்த துணி நான்கு நாள் ஆனாலும் காய்வதில்லை. பீரோவுக்குள் வைத்த தோல் செருப்பில் பூஞ்சை படர்கிறது. அந்தக் காற்றில்தான் அந்தக் கணினி முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலாகப் படுத்திருக்கிறது. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். இரவில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் பரண் நன்றாகக் குளிர்ந்துவிடும். காலையில் ஈரக்காற்று உள்ளே வரும்போது குளிர்ந்து கிடக்கும் உலோகத்தின் மேல் நீர் படியும், மதியம் காயும், மறுநாள் மறுபடி படியும். சமவெளியில் பழைய மின்னணுச் சாமானுக்கு எதிரி வெயிலும் தூசியும். இங்கே ஈரம்தான்.

குன்னூரில் டிவி, ரேடியோ பழுதுபார்க்கும் வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பள்ளியிலிருந்து பிபிசி மைக்ரோ கணினி ஒன்று வந்தது. 1984-ல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்குப் போன ரகம் அது. சில வருடம் ஒரு அறையில் பூட்டிக் கிடந்தது. ஆடி மாதம், வெளியே மூட்டம். வந்த உடனே திறந்துகூடப் பார்க்காமல் சுவிட்சைப் போட்டேன். திரையில் எழுத்து வந்தது, சந்தோஷப்பட்டேன். ஐந்து நிமிடத்தில் 'டப்' என்று ஒரு சத்தம், கடை முழுக்கப் புகை. பவர் சப்ளைக்குள் மின்சாரம் நுழையும் இடத்தில் காகிதத்தால் செய்த ஒரு கண்டன்சர் (மின்தேக்கி) இருக்கும். அதன் மேல்உறை வருடக் கணக்கில் நுண்ணியதாக விரிசல் விட்டு, உள்ளே உள்ள காகிதம் ஈரத்தை உறிஞ்சி வைத்திருந்தது. முதலிலேயே திறந்து பார்த்திருந்தால் அந்த விரிசல் கண்ணுக்கே தெரிந்திருக்கும். கண்டன்சரை மாற்றியதும் கணினி ஓடியது. ஆனால் அன்றிலிருந்து பரணிலோ கிடங்கிலோ இருந்து வந்த எதற்கும் நான் அதே நாளில் மின்சாரம் கொடுப்பதில்லை.

முதலில் உலர்த்தல். பரணில் இருந்து எடுத்த சாமானை நேராக அடுப்பு எரியும் அறைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒவ்வொன்றையும் ஒரு பாலித்தீன் பைக்குள் போட்டு வாயைக் கட்டி, ஒரு இரவு அறைக்குள் வையுங்கள். நீர் படிந்தால் பையின் வெளிப்பக்கம் படியட்டும். மறுநாள் பையிலிருந்து எடுத்து, இறுக்கமாக மூடும் பெரிய பிளாஸ்டிக் அரிசி டிரம் ஒன்றில் வைத்து, அரைக்கிலோ சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டி உள்ளே போடுங்கள். கேசட்டுகளுக்குத் தனி டப்பா. ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றையும் உள்ளே வையுங்கள், விலை அதிகமில்லை. மழைக்காலத்தில் வெளியே 90 விழுக்காட்டைத் தாண்டும். டப்பாவுக்குள் 40-லிருந்து 50-க்குள் வந்து, தொடர்ந்து சில நாள் அப்படியே நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறினால் அடுப்பில் இளஞ்சூட்டில் வறுத்து, பழைய நிறம் வந்ததும் திரும்பப் போடலாம். சமைக்கிற வாணலியில் மட்டும் வறுக்காதீர்கள், அந்த நிறப்பொருள் உடம்புக்கு ஆகாது. அரிசிக்குள் புதைத்து வைப்பதைப் பலர் சொல்வார்கள். அரிசி பெரிதாக ஈரத்தை இழுப்பதில்லை, தவிடும் மாவும்தான் ஓட்டைகளுக்குள் போகும். ஹேர் டிரையர், கணப்பு, நேர் வெயில் மூன்றும் வேண்டாம்.

இரண்டு வாரம் காத்திருக்கும் நேரத்தில் டேப் ரெக்கார்டரைச் சரி செய்யலாம். இந்த டேப் ரெக்கார்டரைப் பழசு என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இதுதான் இந்தக் கதையில் முக்கியமான சாமான். டேப்பைப் படிக்கும் ஹெட், நாடாவுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். நடைமுறையில் ஒவ்வொரு ரெக்கார்டரிலும் அது மயிரிழை சாய்ந்திருக்கும். உங்கள் மாமா இதே ரெக்கார்டரில் பதிவு செய்திருந்தால், அந்தச் சாய்வோடுதான் அவருடைய புரோகிராம்கள் நாடாவில் பதிந்திருக்கின்றன. அதே சாய்வோடு படித்தால்தான் ஒலி கூர்மையாக வரும். ஆகவே ஹெட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஸ்பிரிங் வைத்த சின்ன ஸ்குருவை யாரும் தொடக் கூடாது. ரிப்பேருக்குக் கொடுத்தால் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். நல்ல மெக்கானிக் பழக்கதோஷத்தில் முதலில் திருகிப் பார்ப்பது அந்த ஸ்குருவைத்தான்.

ரெக்கார்டருக்குள் ரப்பர் பெல்ட் கட்டாயம் போயிருக்கும். சில நேரம் தார் மாதிரி உருகிப் புல்லியில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துப் பொறுமையாகத் துடைத்து எடுங்கள். கையில் ஒட்டினால் லேசில் போகாது, கையுறை நல்லது. பழைய பெல்ட் ஓடிய பாதையில் ஒரு நூலைச் சுற்றி நீளத்தை அளந்துகொண்டு, அதைவிடக் கொஞ்சம் சிறியதாகப் புது பெல்ட் வாங்க வேண்டும். கோவையில் எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளில் பல அளவு பெல்ட் கலந்த பாக்கெட்டே கிடைக்கும். சென்னை என்றால் ரிச்சி தெரு. நாடாவை அழுத்தி ஓட்டும் ரப்பர் உருளை பளபளவென்று கெட்டிப்பட்டிருந்தால் அதையும் துடைத்து, தேவைப்பட்டால் மாற்றுங்கள். பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். அந்தக் காலப் பேட்டரிகள் உள்ளேயே கிடந்து கசிந்திருந்தால் ஸ்பிரிங்கெல்லாம் துருவும் களிம்புமாக இருக்கும், சுரண்டித் துடைக்க வேண்டும். முதலில் வேண்டாத ஒரு பாட்டுக் கேசட்டைப் போட்டு, நாடாவை மென்று தின்னாமல் ஓடுகிறதா என்று அரை மணி நேரம் பாருங்கள்.

இப்போது கேசட்டுகள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடியோ நூலாம்படை மாதிரியோ தெரிகிறதா? அது பூஞ்சை. அப்படிப்பட்டவற்றைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். பூஞ்சை பிடித்த ஒரு கேசட்டை ஓட்டினால் அது ஹெட்டில் ஒட்டி அடுத்தடுத்த கேசட்டுகளுக்கும் போகும். நன்றாக உலர்ந்த பிறகு, வெயில் நேராக விழாத வெளியிடத்தில், முகக்கவசம் போட்டுக்கொண்டு மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். ஸ்குரு போட்ட கேசட் என்றால் திறந்து, சுருளை அப்படியே வேறொரு நல்ல கூட்டுக்கு மாற்றிவிடலாம். ஒட்டிய கூடு என்றால் ஓரத்தில் மெல்லிய கத்தி விட்டுப் பிளக்க வேண்டியிருக்கும். நாடாவுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கம்பளித் துண்டு விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் நாடா ஹெட்டோடு ஒட்டாது, ஒலி மங்கிவிடும். பிறகு பென்சிலை விட்டு ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒருமுறை மெதுவாகச் சுற்றுங்கள். நாடாச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் கையில் தெரியும், மோட்டாருக்குத் தெரியாது.

பதிவுகளைக் கணினிக்குப் போடுவதற்கு முன்பே லேப்டாப்பில் ஒலிக்கோப்பாக எடுத்துவிட வேண்டும். ரெக்கார்டரின் இயர்போன் துளையிலிருந்து லேப்டாப்பின் ஒலி உள்ளீட்டுக்கு ஒரு வயர். அந்தத் துளை இல்லாத லேப்டாப்புக்கு யூஎஸ்பி ஒலி அடாப்டர் போதும். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், வேவ் கோப்பு. எம்பி3 வேண்டாம், அது காதுக்குக் கேட்காததையெல்லாம் வெட்டிவிடும், கணினிக்கு அதுவும் தேவை. இரைச்சல் நீக்கம், தானாக ஒலி கூட்டிக் குறைக்கும் வசதி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஓடவிட்டால் முதலில் ஐந்து விநாடி நேரான ஒரு ஊதல் சத்தம் கேட்கும். உடனே 'பர்ர்' என்று ஒரு நொடிக்கும் குறைவான கீறல். அது 17 பைட் தலைப்பு, அதில்தான் புரோகிராமின் பெயர் இருக்கிறது. அப்புறம் இரண்டு விநாடி மறுபடி ஊதல், அதற்குப் பின் நீண்ட கரகரப்பு. அதுதான் புரோகிராம். ஒலி கணீரென்று இருக்க வேண்டும். கம்பளிக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி மங்கலாக இருந்தால், அந்தக் கேசட் வேறு ரெக்கார்டரில் பதிந்தது. கடையில் வாங்கிய விளையாட்டுக் கேசட்டுகளும் அப்படித்தான் இருக்கும். மாமா கையெழுத்துள்ள எல்லாக் கேசட்டையும் எடுத்து முடித்த பிறகு வேண்டுமானால் அந்த ஸ்குருவைத் திருகி மற்றவற்றுக்குச் சரிசெய்துகொள்ளுங்கள்.

ஒவ்வொரு கேசட்டையும் இரண்டு மூன்று தடவை பதிவு செய்யுங்கள். பழைய நாடா ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒவ்வொரு இடத்தில் தடுக்கும். ஒன்றில் கெட்ட துண்டு இன்னொன்றில் நன்றாக வந்திருக்கும். இந்த ஒலிக்கோப்பை ஸ்பெக்ட்ரம் கோப்பாக மாற்றும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ஸ்பெக்ட்ரம் ஒவ்வொரு துண்டின் கடைசியிலும் சரிபார்ப்புக்கென்று ஒரு பைட் எழுதி வைக்கும். அதனால் மென்பொருள் சரி என்று சொன்னால், உங்கள் மாமா அன்று பதிந்ததை எழுத்துப் பிசகாமல் மீட்டுவிட்டீர்கள் என்று நம்பலாம். உடனே லேப்டாப்பிலேயே ஸ்பெக்ட்ரம் போல இயங்கும் எமுலேட்டர் மென்பொருளில் ஓட்டிப் பார்க்கலாம், கணினி தயாராகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கோப்புகளை மூன்று இடத்தில் சேமித்த பிறகுதான் கணினிப் பக்கம் திரும்புங்கள்.

சின்க்ளேர் ரிசர்ச் நிறுவனத்தின் ஸ்பெக்ட்ரம் 1982-ல் இங்கிலாந்தில் வந்தது. உங்களிடம் உள்ள பிளஸ் 1984-ல் வந்த மாடல். ரப்பர் விசைகளுக்குப் பதில் கெட்டியான விசைகள் வைத்த புதுப் பெட்டி, உள்ளே அதே 48 கே (கிலோபைட்) நினைவகச் சுற்று. அடிப்பக்கம் உள்ள பெயரையும் பாருங்கள். இந்தியாவில் டெசிபெல்ஸ் நிறுவனம் தயாரித்ததாகவும் இருக்கலாம். பழுதுபார்க்கும் முறை ஒன்றுதான்.

அடாப்டரில்தான் நிறையப் பேர் கணினியைக் கொல்கிறார்கள். இதற்கு 9 வோல்ட் டிசி வேண்டும், ஆனால் பிளக்கின் நடுமுனை நெகட்டிவ், வெளிவளையம் பாசிட்டிவ். இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான அடாப்டர்களில் இது நேர் எதிர். பின் பொருந்துகிறதே என்று வேறொன்றைச் சொருகினால் அத்தோடு போயிற்று. பழைய அடாப்டர் உள்ளே ஒரு டிரான்ஸ்பார்மரும் டயோடுகளும் ஒரு கண்டன்சரும் மட்டுமே. நன்றாக உலர்த்தி, வயரில் எலிக்கடி இருக்கிறதா என்று பார்த்து, கணினியில் சொருகாமல் தனியாக ஓட்டி மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 9 என்று எழுதியிருந்தாலும் சுமை இல்லாதபோது 12, 13 என்று காட்டும், அது இயல்பு. ஆனால் நம் பக்கம் இரவில் லைன் வோல்டேஜ் ஏறும்போது இதுவும் சேர்ந்தே ஏறும். கணினிக்குள் வோல்டேஜை 5-க்குக் குறைக்கும் 7805 ரெகுலேட்டர் அந்த உபரியையெல்லாம் சூடாக்கித்தான் தீர்க்க வேண்டும். அதனால் பழைய அடாப்டரை நினைவுக்காகப் பத்திரமாக வைத்துவிட்டு, ஓட்டுவதற்கு நிலையான 9 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்றை வாங்கி, முனைகளை மாற்றிப் பற்றவைத்துக்கொள்வதைத்தான் நான் சொல்வேன்.

கணினியைத் திறக்கும்போது அவசரப்படாதீர்கள். அடியில் உள்ள ஸ்குருக்களை எடுத்ததும் மேல்மூடியை விருட்டென்று தூக்கக் கூடாது. விசைப்பலகையிலிருந்து இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் நாடாக்கள் போர்டுக்குப் போகும், ஒன்றில் 5 தடம், மற்றதில் 8. நாற்பது வருடத்தில் அவை அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். மடங்கிய இடத்தில் உடையும். உடைந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை, இந்த நாடாக்களோடு சேர்ந்து விசைகளுக்கு அடியில் இருக்கும் மெம்பிரேன் என்ற மெல்லிய தாள் இன்றும் புதிதாகத் தயாராகி இங்கிலாந்திலிருந்து தபாலில் கிடைக்கிறது. மொத்த வேலையில் பெரிய செலவு அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். கண்டன்சர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு மதியச் சாப்பாட்டுச் செலவுக்குள் முடிந்துவிடும்.

உள்ளே முதலில் கண்ணால் பாருங்கள். குளவிக் கூடு, வெள்ளிப்பூச்சி, எலிச் சிறுநீர். எலிச் சிறுநீர் பட்ட இடத்தில் செம்புத் தடமே அரித்துப் போயிருக்கும். பச்சைக் களிம்பு தெரியும் இடத்தை ஆல்கஹாலும் பழைய பல்துலக்கும் பிரஷும் வைத்துத் தேய்க்கலாம். ஆனால் மூட்டம் இல்லாத நாளில், மதிய நேரத்தில் செய்யுங்கள். ஆல்கஹால் ஆவியாகும்போது போர்டு குளிரும். ஈரமான காற்றில் அந்தக் குளிர்ந்த போர்டின் மேல் உடனே நீர் படியும். சுத்தம் செய்து முடித்த போர்டில் வெள்ளைத் திட்டு வருகிறது என்று என்னிடம் வந்த பலருக்கும் காரணம் இதுதான்.

பின்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் செப்புத் தடங்களையும் அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஆல்கஹாலில் துடையுங்கள். அந்த இடத்தில் ஜாய்ஸ்டிக் போன்ற துணைக்கருவிகளை மாட்டுவார்கள். கரண்ட் இருக்கும்போது ஒருபோதும் எதையும் அங்கே மாட்டவோ கழற்றவோ கூடாது. ஸ்பெக்ட்ரம் செத்ததற்கான காரணங்களில் முதலிடம் அதற்குத்தான்.

அது ஏன் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் மெக்கானிக்குக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. இந்தக் கணினியின் கீழ் 16 கே நினைவகத்துக்கு 4116 என்ற சிப்புகள் எட்டு. இவற்றுக்கு 5 வோல்ட் மட்டும் போதாது. 12 வோல்ட்டும், மைனஸ் 5 வோல்ட்டும் வேண்டும். அந்த இரண்டையும் போர்டிலேயே டிஆர்4 என்ற சின்ன டிரான்சிஸ்டர் ஒன்று காயில் துணையோடு உண்டாக்குகிறது. பின்பக்கம் எதையாவது மாட்டும்போது தடங்கள் ஷார்ட் ஆனால் முதலில் போவது அதுதான். மைனஸ் 5 இல்லாமல் 12 மட்டும் வந்தால் நினைவக சிப்புகள் சூடாகிச் சீக்கிரமே செத்துவிடும். அதனால் முதல்முறை கரண்ட் கொடுக்கும்போது டிவியைப் பார்க்காதீர்கள், மீட்டரைப் பாருங்கள். 4116-ன் 1-ஆம் காலில் மைனஸ் 5, 8-ஆம் காலில் 12, 9-ஆம் காலில் 5, 16-ஆம் கால் கிரவுண்ட். மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் உடனே நிறுத்திவிட வேண்டும். கரண்ட் அளவைக் கட்டுப்படுத்தும் பென்ச் பவர் சப்ளை உள்ளவரிடம், 1 ஆம்பியருக்குக் கட்டுப்படுத்தி முதல் ஓட்டம் ஓட்டினால் இன்னும் நல்லது.

அதற்கும் முன்னால் போர்டில் உள்ள மின்பகு கண்டன்சர்களை மாற்றிவிடச் சொல்வேன். எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவது எனக்குப் பிடித்த பழக்கமில்லை. ஆனால் ஸ்பெக்ட்ரமில் அவை உலர்ந்துபோவது அவ்வளவு சாதாரணம், விலையும் அவ்வளவு குறைவு. 105 டிகிரி ரகம் வாங்கி, பிளஸ் மைனஸ் பார்த்து வைக்க வேண்டும். சால்டரிங் அயர்ன் விஷயத்தில் ஒரு சின்னச் சங்கதி: மார்கழிக் குளிரில் 25 வாட் அயர்ன் இங்கே தடுமாறும், ஈயம் உருகியும் உருகாமலும் ஒட்டும். வெப்பம் கட்டுப்படுத்தும் ஸ்டேஷன் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். கழற்றிய ஒவ்வொரு பழைய பாகத்தையும் ஒரு கவரில் போட்டுப் பெயர் எழுதி வைத்துவிடுங்கள், அதுவும் அந்தக் கணினியின் பகுதிதான்.

எல்லா வோல்டேஜும் சரியாக இருந்து, திரையில் கோடு கோடாகவோ சதுரம் சதுரமாகவோ மட்டும் வந்தால் நினைவக சிப்பு ஒன்று போயிருக்கிறது. விரல் வைத்துப் பார்த்தால் மற்றவற்றைவிட அதிகம் சுடுவதுதான் பெரும்பாலும் குற்றவாளி. 4116-க்கு மாற்றுச் சிப்பு கிடைக்கிறது. இசட்80 பிராசசரும் தேடினால் கிடைக்கும். யூஎல்ஏ என்ற பெரிய சிப்பு ஒன்றுதான் ஸ்பெக்ட்ரமுக்கென்றே செய்தது. அது போனாலும், இன்றைய சிப்புகளை வைத்து அதன் இடத்தில் அப்படியே பொருந்துமாறு ஆர்வலர்கள் மாற்று உருவாக்கியிருக்கிறார்கள்.

டிவியைப் பற்றி. ஸ்பெக்ட்ரம் படத்தை யூஎச்எஃப் என்ற டிவி அலைவரிசையின் 36-ஆம் சேனலில் அனுப்பும். அந்தக் காலத்தில் நம் ஊரில் விற்ற டிவிகளில் பல, தூரதர்ஷனுக்கு வேண்டிய விஎச்எஃப் அலைவரிசையை மட்டும் எடுப்பவை. உங்கள் சின்ன டிவி எந்த வகை என்று பார்க்க வேண்டும். எதுவானாலும் அதை முதலில் ஓட்டாதீர்கள். படக்குழாயின் பின்புறம் பல ஆயிரம் வோல்ட் ஓடும். ஈரமும் தூசியும் சேர்ந்த இடத்தில் அது தாவும், மலையில் காற்று மெலிந்திருப்பதால் இன்னும் சுலபமாகத் தாவும். நிறுத்தி வைத்த டிவியின் படக்குழாயிலும் மின்சாரம் தங்கியிருக்கும். இதை வீட்டில் திறக்க வேண்டாம். பழைய டிவி பார்த்த கைகள் கோத்தகிரியிலும் குன்னூரிலும் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுங்கள். கணினியைச் சோதிக்க, படத்தை டிவி சேனலாக மாற்றும் மாடுலேட்டர் டப்பாவுக்குள் போகும் வீடியோ வயரைக் கழற்றி நேராக வெளியே எடுத்தால், ஏவி உள்ளீடு உள்ள எந்த எல்இடி டிவியிலும் தெளிவாகப் படம் வரும். அரை மணி நேர வேலை, எப்போது வேண்டுமானாலும் பழையபடி மாற்றிவிடலாம். பெட்டியில் ஓட்டை போட வேண்டிய எந்த மாற்றத்துக்கும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரியான பிறகு அதைத் திரும்பப் பரணில் வைக்காதீர்கள். அதே அரிசி டிரம், அதே சிலிக்கா ஜெல். மாதம் ஒருமுறை எடுத்து ஒரு மணி நேரம் ஓட்டுங்கள், அந்தச் சூடே அதற்கு நல்லது. காற்றில் சில்வர் ஓக் கிளை லைனில் விழுந்து கரண்ட் போய்ப் போய் வரும் நாளில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

எல்லாம் முடிந்து, கறுப்புத் திரை வெளுத்து, அடியில் 1982 சின்க்ளேர் ரிசர்ச் என்ற வரி வரும் நாளில், லேப்டாப்பில் எடுத்த கோப்பை வைத்தோ, நாடா நல்ல நிலையில் இருந்தால் மாமாவின் கேசட்டையே வைத்தோ ஏற்றிப் பாருங்கள். ஜே விசையை அழுத்தினால் லோட் என்ற முழுச்சொல்லும் வரும். ஆனால் முதல்முறை லோட் வேண்டாம், மெர்ஜ் என்ற கட்டளையைக் கொடுங்கள். லோட் கொடுத்தால் சில புரோகிராம்கள் தானாக ஓடத் தொடங்கிவிடும், மெர்ஜில் ஓடாமல் அப்படியே நிற்கும். திரையின் ஓரத்தில் முதலில் சிவப்பும் இளநீலமுமாகக் கோடுகள் ஓடும். புரோகிராம் என்ற சொல்லும் அதன் பக்கத்தில் பத்து எழுத்துக்குள் ஒரு பெயரும் வரும். கேசட்டின் மேல் கையெழுத்தில் நீங்கள் பார்த்த அதே பெயர். பிறகு நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள். 48 கே நிறைய எழுதியிருந்தாலும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் கே விசையை அழுத்தி லிஸ்ட் கொடுங்கள், அவர் எழுதிய வரிகள் ஒவ்வொன்றாக வரும். அவற்றில் ரெம் என்று தொடங்கும் வரிகளைத் தேடிப் படியுங்கள். அந்த வரிகளைக் கணினி கண்டுகொள்ளாது, எழுதியவர் தனக்கென்று எழுதி வைக்கும் குறிப்பு அது. அந்த வயதில் எழுதிய பலரும் தங்கள் பெயரையும் தேதியையும் அங்கேதான் போட்டு வைத்திருக்கிறார்கள்.